கதவு தட்டும் சோதனை

இடது பக்கத்து ஸ்பீக்கர் முனகிக்கொண்டிருந்தது. பாட்டு ஓடும்போது முனகினால் பரவாயில்லை, பாட்டோடு பாட்டாகப் போய்விடும். இது பாட்டு நின்ற பிறகும், வேலை சொன்னதும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளும் ஆள் மாதிரி, "ம்ம்ம்" என்று விடாமல் முனகியது.

நூலகர் தரையில் குப்புறப் படுத்து அதன் மேல் காதை ஒட்டி வைத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமைச் சோதனைக்கு இன்னும் எட்டு நாள்தான் இருந்தது.

"இருக்கா, போயிடுச்சா?" என்று சமையலறையிலிருந்து மனைவி கேட்டாள்.

"இருக்கு."

"நேத்து வரைக்கும் இல்லையே."

அதுதான் அவருடைய வயிற்றெரிச்சலும். நேற்று வரைக்கும் இல்லை. நேற்று மாலைதான் ஸ்பீக்கரின் தரத்தை உயர்த்துவதற்கென்று ஒரு புதுப் பெட்டியை வாங்கி வந்து மாட்டியிருந்தார்.

அவரிடம் இருந்தது ஒரு ஜோடி பவர்டு ஸ்பீக்கர். ஆம்ப்ளிஃபையர் தனியாக வேண்டியதில்லை, உள்ளேயே இருக்கும். கரண்ட்டில் சொருகிக் கம்ப்யூட்டரில் மாட்டினால் பாடும். பகலெல்லாம் நூலகத்தில் "மெதுவாப் பேசுங்க" என்று சொல்லிச் சொல்லியே இருபத்திரண்டு வருஷத்தை ஓட்டியவருக்கு, வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றுவதற்கு முன் ஒரு பாட்டைப் போட்டுவிட்டால் போதும், அன்றைய அலுப்பெல்லாம் போய்விடும். நாலு வருஷம் நிம்மதியாக இருந்தார்.

கெடுத்தவன் மச்சான், அதாவது மனைவியின் தம்பி. போன மாதம் வந்தவன் சோபாவில் சாய்ந்து ஒரு பாட்டு முழுக்கக் கேட்டான். முடிந்ததும் பரிதாபமாகப் பார்த்தான்.

"நல்லாத்தான் இருக்கு மாமா. ஆனா இதை ஸ்பீக்கர்னு சொல்லக் கூடாது. சமையலும் படுக்கையும் ஒரே ரூம்ல வச்ச வீடு மாதிரி, எல்லாத்தையும் ஒண்ணுக்குள்ள அடைச்சிருக்கான். இதை வச்சுக்கிட்டுக் கழகத்துல சேரணும்னு மட்டும் கேட்டுடாதீங்க. எனக்குத்தான் தலைகுனிவு."

நூலகர் அதுவரை சேர வேண்டும் என்று நினைத்ததே இல்லை. அந்த நிமிஷத்திலிருந்து வேறு எதையும் நினைக்கவில்லை.

கழகம் என்றால் கூர்செவிக் கழகம். மொத்தம் மூன்றே பேர். தலைவர் ஓய்வு பெற்ற மயக்க மருந்து டாக்டர். நாற்பது வருஷம் நோயாளிகளின் மூச்சைக் கேட்டே பிழைத்தவர், அதனால் தன் காதுக்கு மிஞ்சிய காது கிடையாது என்பது அவர் எண்ணம். இரண்டாமவர் கடிகாரம் பழுது பார்ப்பவர். மூன்றாவது மச்சான். நாலாவது ஆள் மருமகளுக்குக் காது வலி வந்து ராஜினாமா செய்துவிட்டதால் ஓர் இடம் காலியாக இருந்தது.

அந்த இடத்தைப் பிடிக்க, சேர விரும்புகிறவரின் வீட்டிலேயே, அவர் பெட்டிகளை வைத்தே ஒரு சோதனை உண்டு. பாட்டு போட்டுப் பார்க்கிற வழக்கமெல்லாம் அங்கே கிடையாது. பாட்டு யாரை வேண்டுமானாலும் ஏமாற்றிவிடும் என்பது தலைவரின் கட்சி. அதற்குப் பதிலாக அவருடைய மனைவி ஒவ்வொரு சோதனைக்கும் புதிதாக ஓர் ஒலிப்பதிவு செய்து கொடுப்பாள். தன் அடுக்குமாடி வீட்டுக் கூடத்தில் ரெகார்டரை வைத்துவிட்டு அரை மணி நேரம் சும்மா இருந்துவிடுவாள். குழாய், செருப்பு, மாடிப்படியில் ஏறி இறங்குகிறவர்கள் என்று ஒரு சாதாரண மத்தியானத்தின் சத்தமெல்லாம் அதில் பதிவாகும். உறுப்பினர்கள் யாரும் அதை முன்னால் கேட்டிருக்கக் கூடாது. விளக்கு, ஃபேன் எல்லாம் அணைத்து, திரையை இழுத்து மூடி, ஆளுக்கொரு கறுப்புத் துணியால் கண்ணைக் கட்டிக்கொண்டு கேட்க வேண்டும். வெளியாள் வீட்டில் இருக்கக் கூடாது, யாரும் வாயைத் திறக்கவும் கூடாது.

பதிவில் ஏதோ ஓர் இடத்தில் யாரோ கதவைத் தட்டுவார்கள். எந்த இடம் என்று தெரியாது. அதைக் கேட்டு, கேட்பவர்களில் ஒருவராவது தன்னை மறந்து கதவைத் திறக்க எழுந்துவிட்டால் அந்த நொடியே அனுமதி. எழாவிட்டால் காகிதத்தில் மார்க் போடுவார்கள், அந்த மார்க் பெரும்பாலும் தேறாது. பதினொரு வருஷத்தில் ஒருவரும் எழுந்ததில்லை. மச்சானே மார்க் வாங்கித்தான், அதுவும் மூன்றாம் தடவை, உள்ளே போனவன்.

அமைதியான பதிவு அது. அதில் போய் முனகல் கேட்டால் என்ன ஆகும் என்று நூலகருக்கு நினைக்கவே பயமாக இருந்தது.

புதுப் பெட்டி கையகலம்தான். கம்ப்யூட்டருக்குள் எண்ணாக இருக்கும் பாட்டை வெளியே எடுத்துச் சத்தமாக மாற்றித் தருவது அதன் வேலை. அந்த வேலையை அது செய்யவில்லை என்று சொன்னால் பாவம். முதல் பாட்டிலேயே நூலகருக்கு மயிர்க்கூச்செறிந்தது. நாலு வருஷமாகக் கேட்ட பாட்டில், பாடகி அடியெடுப்பதற்கு முன் மூச்சு இழுப்பது முதல் தடவையாகக் கேட்டது. ஓடிப்போய் மனைவியைக் கையைப் பிடித்து இழுத்து வந்தார்.

"கேளு. இங்க. இப்ப. கேட்டுச்சா?"

"மூச்சு விடறாங்க."

"ஆமா."

"விடாம எப்படிங்க பாடுவாங்க?" என்று சொல்லிவிட்டு அவள் போய்விட்டாள். மூச்சோடு முனகலும் வந்திருந்தது என்பதைப் பிறகுதான் அவர் கவனித்தார்.

ஒலிக் கடைக்காரர் விஷயத்தைக் கேட்டுச் சந்தோஷப்பட்டார். நல்ல பெட்டி அப்படித்தான், முன்னாடி இருந்த குறையையெல்லாம் காட்டிக் கொடுத்துவிடும், ஒயரை மாற்றினால் சரியாகிவிடும் என்றார். நூலகர் கட்டை விரல் தடிமனில் இரண்டு ஒயர் வாங்கி வந்தார். மாட்டிப் பார்த்தபோது இடது பக்கத்தில் முனகல் அப்படியே இருந்தது. வலது பக்கத்தில் யாரோ மிக மெலிதாக வானிலை அறிக்கை வாசித்துக்கொண்டிருந்தார்கள்.

"மழை வருமாம்" என்றாள் மனைவி, துணி எடுக்கப் போகும் வழியில்.

திங்கட்கிழமை, சத்தம் ஸ்பீக்கருக்குப் போகும் முன் அதை மெருகேற்றித் தரும் ப்ரீஆம்ப் வந்தது. கண்ணாடிக் குழாய் வால்வு இரண்டு மேலே நின்று ஆரஞ்சு நிறத்தில் கனிந்து எரியும். சூடாக அரை மணி நேரம் பிடிக்கும், சூடான பிறகு அதன் குணமே வேறு என்று கடைக்காரர் சொல்லியிருந்தார். உண்மைதான். பாடகி இப்போது மூச்சு விட்டதோடு உதட்டையும் ஈரப்படுத்திக்கொண்டாள். நூலகருக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. நூலகத்தில் மறுநாள் புத்தகம் திருப்பித் தர வந்தவர்களிடமெல்லாம் இதைச் சொன்னார், அதுவும் உரக்க. வானிலை அறிக்கை நின்றுவிட்டது. இடது பக்கத்தில் தனியாக இருந்த முனகலுக்கு மட்டும் வலது பக்கத்திலும் துணை சேர்ந்திருந்தது.

புதன்கிழமை சப்வூஃபர் வந்தது. அடிநாதத்தையெல்லாம் இந்தப் பெரிய பெட்டி தூக்கிக்கொண்டால் சின்னப் பெட்டிகள் அவதிப்படாது, முனகாது என்பது கடைக்காரரின் யோசனை. இரண்டு பேர் சேர்ந்து தூக்கி வந்து கூடத்தின் மூலையில் இறக்கினார்கள். நூலகர் ஒரு மேளத்தைப் போட்டார். முதல் அடியிலேயே நெஞ்சுக்குள் யாரோ புகுந்து தட்டின மாதிரி இருந்தது. சின்னப் பிள்ளை மாதிரி துள்ளினார்.

இரண்டாவது அடியில் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. மூன்றாவதில் சமையலறைத் தட்டுகள், சுவர்ப் படம், பீரோ கைப்பிடி எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகச் சேர்ந்துகொண்டன. நூலகர் வீடெல்லாம் சுற்றி, ஆடுகிற சாமான் ஒவ்வொன்றின் இடுக்கிலும் ஒரு காலுறையைத் திணித்தார். வீட்டிலிருந்த காலுறை தீர்ந்ததும் கைக்குட்டைகளை எடுத்தார். மறுநாள் காலை அவசரமாகக் கிளம்பிய மனைவி, படத்துக்குப் பின்னாலிருந்து ஒன்றும் பீரோவிலிருந்து ஒன்றுமாக உருவிப் போட்டுக்கொண்டு போனாள். ஒன்று நீலம், ஒன்று பழுப்பு.

கீழ் வீட்டு அம்மாள் உடைந்த மூக்குக் கண்ணாடியைக் கையில் ஏந்திக்கொண்டு மேலே வந்தாள். மேஜை நடுவில் வைத்தது, தானாக நடந்து போய் விழுந்துவிட்டது என்று சத்தியம் செய்தாள். நூலகர் சப்வூஃபருக்கு அடியில் தன் தலையணையை வைத்தார். அதிர்வு அடங்கியது. அவருக்குக் கழுத்து பிடித்துக்கொண்டது. நூலகத்தில் தலையைச் சாய்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தவரைப் பார்த்து, ஏதோ ஆழ்ந்த யோசனையில் இருக்கிறார் என்று யாரும் கிட்டே வரவில்லை.

முனகல் அப்படியே இருந்தது.

வெள்ளிக்கிழமை அவர் எலக்ட்ரீஷியனைப் பிடித்தார். அந்தக் கட்டடத்தில் அவருக்கு 'நாளைக்கு' என்று பெயர். எந்த வேலையையும் முக்கால்வாசி முடித்துவிட்டு "மிச்சத்தை நாளைக்கு வந்து பார்த்துடறேன்" என்று கிளம்புவார். பிறகு அவரைத் தெருவில் பார்த்தால்தான் உண்டு. கெட்டிக்காரர், அதில் சந்தேகமில்லை. முனகலைக் கண்ணை மூடிக் கேட்டார். பிறகு மாடிப்படிக்குப் போய் லிஃப்ட் ஏறி இறங்குவதைக் கேட்டுவிட்டு வந்தார்.

"பெட்டியில ஒண்ணும் இல்ல சார். லிஃப்ட் மோட்டாரும் நீங்களும் ஒரே லைன். அது முக்கினா இது முனகும். கீழ மீட்டர்லேர்ந்து இதுக்குன்னு தனி லைன் இழுத்துட்டா தீந்துது."

நூலகருக்கு அவரைக் கட்டிப்பிடிக்கலாம் போல இருந்தது. இத்தனை பெட்டி வாங்கிய பிறகு, வியாதி பெட்டியில் இல்லை என்று சொன்ன முதல் மனிதர் அவர்தான்.

சனிக்கிழமை சாயங்காலத்துக்குள் தனி லைன் வந்துவிட்டது. முனகல் பாதியாகக் குறைந்தது. ஆனால் போய்விடவில்லை. கீழே மீட்டர் பக்கத்தில் ஒரு ஜாயின்ட் தற்காலிகமாகத்தான் முறுக்கியிருக்கிறேன், ஓடும், எர்த்தும் கொடுத்தால் சுத்தமாகிவிடும் என்று எலக்ட்ரீஷியன் கருவிகளைப் பையில் போட்டுக்கொண்டே சொன்னார்.

"நாளைக்கு நாலு மணிக்கு ஆள் வர்றாங்க, அதை இப்பவே பண்ணிடலாமே" என்றார் நூலகர்.

"நாளைக்கு வந்துடறேன் சார்."

நூலகர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். நாளைக்கு என்றால் என்ன என்று கட்டடத்துக்கே தெரியும். மனைவிக்கே மனசு கேட்கவில்லை. "முனகல் கேட்டா கேக்கட்டும். என் தம்பிக்கும் மூணாவது தடவைதானே கிடைச்சுது" என்றாள்.

ஞாயிறு நாலு மணிக்கு மூவரும் வந்தார்கள். மனைவி விதிப்படி பூங்காவுக்குப் போய்விட்டாள். தலைவர் பெட்டிகளை ஒவ்வொன்றாக, படுத்திருக்கும் நோயாளிகளைப் பார்ப்பது போல் பார்த்தார். பவர்டு ஸ்பீக்கரைப் பார்த்ததும் அவர் புருவம் ஏறியதை மச்சானும் கவனித்தான், நூலகரும் கவனித்தார். கடிகாரக்காரர் சப்வூஃபருக்கு அடியிலிருந்த தலையணையைக் குனிந்து பார்த்தார்.

திரை மூடியது. ஃபேன் நின்றது. தலைவர் கொடுத்த பென்டிரைவை நூலகர் சொருகினார். முதல் சில நிமிஷம் வெறும் அமைதிதான் இருக்கும் என்று தலைவர் சொன்னார். நூலகர் பொத்தானைத் தட்டிவிட்டுத் தடவித் தடவி நாற்காலிக்கு வந்து கண்ணைக் கட்டிக்கொண்டார்.

முனகல் கேட்டது. இந்த அமைதியில் நேற்றைவிடப் பெரிதாகக் கேட்டது. பக்கத்து நாற்காலியில் மச்சான் செருமினான். போயிற்று, எல்லாம் போயிற்று என்று நூலகர் வேட்டி முனையைத் திருகினார்.

அப்போதுதான் அது நின்றது.

படிப்படியாகக் குறையவில்லை, சட்டென்று நின்றது. நூலகர் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார். திரும்ப வரவில்லை. வால்வு சூடாகிவிட்டது, கடைக்காரர் சொன்னது பலித்துவிட்டது என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. எட்டு நாளாக உயிரை வாங்கிய முனகல் இருந்த இடத்தில் இப்போது ஒன்றுமே இல்லை. அப்படி ஒரு அமைதியை அவர் நூலகத்தில்கூடக் கேட்டதில்லை.

பிறகு சத்தங்கள் வரத் தொடங்கின. மேலே எங்கோ ஒரு பந்து நாலு தடவை துள்ளி உருண்டு போனது. ஒரு குழாய் சொட்டியது. பின்பக்கம் யாரோ வாளியை நகர்த்தினார்கள். நூலகருக்குப் புல்லரித்தது. இரண்டு பெட்டியும் முன்னால் இருக்க, சத்தம் தலைக்கு மேலும் முதுகுக்குப் பின்னும் கேட்கிறதே என்று அவருக்கு ஆனந்தத்தில் அழுகை வந்தது. தலைவர் நாற்காலி நுனிக்கு நகர்வது கேட்டது. வெகுநேரம் கழித்துப் படியில் செருப்புச் சத்தம் ஏறி வந்தது. இரும்புச் சாமான் எதுவோ கிணுங்கியது. யாரோ இருமினார்கள்.

பிறகு கதவு தட்டப்பட்டது. மூன்று தட்டு.

யாரும் அசையவில்லை. சற்றுப் பொறுத்து மறுபடியும் மூன்று தட்டு, இந்த முறை கொஞ்சம் பலமாக.

ஒரு நாற்காலி கிறீச்சிட்டது. "யாரோ வந்திருக்காங்களே" என்று முணுமுணுத்துக்கொண்டே ஒருவர் எழுந்து, முக்காலியில் இடித்து, கதவை நோக்கிப் போனார். தாழ்ப்பாளில் கை பட்டது. அங்கேயே நின்றுவிட்டது.

"அடக் கடவுளே" என்றார் தலைவர்.

எல்லாரும் துணியை அவிழ்த்தார்கள். பதினொரு வருஷமாக ஒரு தடவைகூட எழாத தலைவர், கதவருகில் ஒரு கையில் கறுப்புத் துணியோடு, திருடும்போது பிடிபட்டவர் போல நின்றுகொண்டிருந்தார். கையைத் தாழ்ப்பாளிலிருந்து மெல்ல எடுத்தார். திரும்பி வந்து நூலகரை அப்படியே மார்போடு அணைத்துக்கொண்டார்.

"நாற்பது வருஷத்துல என்னை யாரும் இப்படி ஏமாத்தினதில்ல. திறக்கவே போயிட்டேன். கழகத்துக்கு வாங்க."

அதன் பிறகு யார் பேசுகிறார்கள் என்றே தெரியவில்லை. மச்சான் திரையை விலக்கினான், வெயில் உள்ளே கொட்டியது. தலைவர் பென்டிரைவை உருவிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். தட்டு விழுந்தால் சோதனை முடிந்தது என்பது விதி. அந்தப் பந்து மேல்மாடியிலேயே துள்ளியதாகச் சொல்லிச் சொல்லி வியந்தார். கடிகாரக்காரர் ப்ரீஆம்பின் மேல் கையை வைத்துப் பார்த்து, இவ்வளவு நேரம் ஓடியும் கொதிக்கவில்லையே, என்ன தரம் என்று பாராட்டினார். ஒரே ஒரு குறை சொல்லலாமா என்று கேட்டுக்கொண்டு, படியில் ஏறி வந்த செருப்புச் சத்தம் மட்டும் அவ்வளவு இயல்பாக இல்லை, கொஞ்சம் செயற்கை என்றார். பெரிய மனசோடு நூலகர் அதை ஒப்புக்கொண்டார்.

மச்சான் கடைசியாக வந்தான். தரையைப் பார்த்துக்கொண்டே பேசினான்.

"மாமா, அன்னிக்குச் சொன்னதை மனசுல வச்சுக்காதீங்க. என் வீட்டுல இவ்வளவு சாமான் இருந்தும் ஒரு நாள்கூட இப்படிக் கேட்டதில்ல. உங்களுக்குக் காது இருக்கு மாமா."

அந்த ஒரு வாக்கியத்துக்காக இன்னும் பத்துப் பெட்டி வாங்கலாம் என்று நூலகருக்குத் தோன்றியது. மனைவி பூங்காவிலிருந்து வந்ததும் முதலில் எதைச் சொல்வது, தலைவர் எழுந்ததையா, இவன் சொன்னதையா என்று மனசு தத்தளித்தது. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, பிடித்திருந்த கழுத்துகூட நேராகிவிட்டது, விருந்தாளிகளை வழியனுப்பக் கதவைத் திறந்தார்.

வாசல் படியில் கருவிப் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த எலக்ட்ரீஷியன் எழுந்து, பின்புறத்தைத் தட்டிவிட்டுக்கொண்டு சொன்னார்:

"ரெண்டு தடவை தட்டினேனே சார், திறக்கலயே... கீழ அந்த ஜாயின்ட் கருகிடுச்சு, நாலு பத்துக்கே உங்க தனி லைனைக் கட் பண்ணிட்டேன், இன்னிக்குப் பெட்டியில ஒரு சத்தமும் வராது, வர்றவங்களை இன்னொரு நாள் வரச் சொல்லிடுங்கன்னு சொல்லிட்டுப் போகலாம்னுதான் வந்தேன்."